கல்கியும் மாமல்லபுரமும்

கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி, 9 செப்டம்பர் 1899 – 5 டிசம்பர் 1954) வரலாற்றுப் புதினத்தைத் தமிழில் பெருந்திரளான வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர். மயிலாடுதுறை அருகே புத்தமங்கலத்தில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டுச் சிறை சென்றார். நவசக்தி, விமோசனம், ஆனந்த விகடன் இதழ்களில் பணியாற்றிய பின், 1941-இல் டி. சதாசிவத்துடன் இணைந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

அவ்விதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது 'சிவகாமியின் சபதம்'. அதற்குச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தபோதே இக்கதை மனத்தில் முளைத்ததாக முன்னுரையில் கல்கி கூறுகிறார். வாரந்தோறும் கதையைத் தொடர்ந்த வாசகர்களுக்கு அங்குள்ள பாறைகள் வெறும் பாறைகளாக இல்லாமற்போயின. இன்றும் வேடந்தாங்கல் பறவைகளைப் பார்த்துவிட்டு மாமல்லபுரம் வரும் சுற்றுலாக் குழுவில், "சிவகாமி இங்கேதான் ஆடினாளா?" என்று கேட்க ஒருவராவது இருப்பார்.

சிவகாமி ஆடவில்லை. அவளும், அவள் தந்தை ஆயனச் சிற்பியும், நாகநந்தி அடிகளும் கல்கியின் கற்பனை. மகேந்திரவர்மன், அவன் மகன் நரசிம்மவர்மன் எனும் மாமல்லன், சாளுக்கியப் புலிகேசி ஆகியோர் வரலாற்று மாந்தர். பல்லவப் படை ஏறத்தாழ 642-இல் வாதாபியை வென்றதும் உண்மை. நரசிம்மவர்மனின் கல்வெட்டு அங்கேயே உள்ளது. பரஞ்சோதியும் கற்பனை அல்லர். வாதாபியை அழித்த அவரே சிறுத்தொண்ட நாயனார் எனப் பெரியபுராணம் கூறுகிறது.

சிற்பங்களை யார் செய்வித்தது என்பதில்தான் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கதையைப் படித்தவர் எல்லாவற்றையும் மாமல்லன் கணக்கில் எழுதிவிடுவார். கடற்கரைக் கோயிலோ அவனுக்குப் பின் வந்த இராசசிம்மன் (இரண்டாம் நரசிம்மவர்மன்) கட்டியது. அங்குள்ள சின்னங்கள் அனைத்துமே இராசசிம்மனுடையவை என்று தொல்லியலாளர் இரா. நாகசாமி 1962-இல் வாதிட்டார். அறிஞர் பலர் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் கேள்வி இன்னும் அடங்கவில்லை. நாவலில் இடம்பெறாத இராசசிம்மன், மக்கள் நினைவிலும் இடம் பெறாமல் போனது அவனுக்கு நேர்ந்த அநீதி. அதற்குக் கல்கியைக் குறை சொல்வது பொருந்தாது. அவர் எழுதியது புதினம்.

எழுத்தாளரின் கதை வழியாக ஒரு நிலத்தைப் பார்ப்பது பிற நாடுகளிலும் உண்டு. சேன் கிரே போன்றோரின் 'வெஸ்டர்ன்' நாவல்களைப் படித்து அமெரிக்க மேற்குப் பகுதியை மனத்தில் வரைந்துகொண்டோர் ஏராளம்.

'பார்த்திபன் கனவு', 'பொன்னியின் செல்வன்' ஆகியவையும் கல்கியின் புகழ்பெற்ற வரலாற்றுப் புதினங்கள். 'அலை ஓசை'க்கு 1956-இல், அவர் மறைவுக்குப் பின், சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நூற்றாண்டு ஆண்டான 1999-இல் அவரது நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன்பின் 'சிவகாமியின் சபதம்' பல பதிப்பகங்களின் மலிவுப் பதிப்புகளாக வந்துகொண்டே இருக்கிறது.