கேப்டனை நிறுத்தும் உரிமை

பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேருகிறவருக்கு விமானம் ஓட்ட ஏற்கெனவே தெரியும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறவே 200 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். ஆனாலும் வேலையில் சேர்ந்த பிறகு அவர் மாதக்கணக்கில் படிக்கிறார். எந்தச் சுவிட்சை யார் தொடுவது, எந்த உயரத்தில் எந்தச் சொல்லைச் சொல்வது, அதற்குப் பக்கத்து இருக்கையிலிருந்து என்ன பதில் வர வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்வது என எல்லாமே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் இத்தனை விதி என்று கேட்டால், மனிதனுக்கு மறதி உண்டு, அதற்காகத்தான் என்பார்கள். அது சரியான விடைதான், ஆனால் பாதி விடை. இந்த விதிகள் எப்போது, எந்த விபத்துக்குப் பிறகு வந்தன என்று வரிசையாகப் பார்த்தால் மறுபாதி தெரியும். மறதிக்கு மருந்தாகப் பிறந்த தாள், போகப் போக மூத்தவரின் அதிகாரத்துக்கு எல்லை கட்டவும் இளையவருக்குப் பேச இடம் கொடுக்கவும் பயன்பட்டது. விமானப் பயணம் இன்று இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதில் இந்த இரண்டாவது பயனுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொடக்கம் மறதியில்தான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டு ராணுவ விமானத் தளத்தில், போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக மேலே எழுந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளாயர் ஹில், ராணுவத்தின் கைதேர்ந்த சோதனை விமானி. விமானம் மூக்கைத் தூக்கிச் செங்குத்தாக ஏறி, வேகமிழந்து, விழுந்து எரிந்தது. ஹில்லும், போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள். இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் வால் மடல்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். கிளம்பும்முன் அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். இவ்வளவு தேர்ந்தவரே மறப்பார் என்றால் இன்னும் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்பது ராணுவ விமானிகளுக்குப் புரிந்தது. கிளம்பும்முன், ஏறும்போது, இறங்கும்முன் என்று செய்ய வேண்டியவற்றைச் சிறு பட்டியலாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டு இரண்டாம் உலகப் போரில் பறந்தது. செக்லிஸ்ட் எல்லாக் காக்பிட்டுகளுக்கும் பரவியது. ஆனால் அது விமானி தனக்குத்தானே வைத்துக்கொண்ட நினைவூட்டல் மட்டுமே. யார் யாரைத் திருத்தலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

பயணிகள் விமானத்துக்கோ கப்பல் மரபு வந்து சேர்ந்தது. கேப்டன் என்ற பட்டம், சட்டைக் கையில் தங்கக் கோடு, அவர் சொல்லே இறுதி என்ற வழக்கம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஜெட் காலத்தில் இதன் விலை தெரிய ஆரம்பித்தது. 1972 டிசம்பர் 29 இரவு மயாமிக்கு இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ட்ரைஸ்டார் விமானத்தில், முன் சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த எல்லோர் கவனமும் அந்தப் பல்பின்மேல் போயிற்று. உயரத்தைப் பிடித்து வைத்திருந்த தானியங்கி அமைப்பு விடுபட்டதை யாரும் பார்க்கவில்லை. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். என்ன கோளாறு வந்தாலும் ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டுமே பார்க்க வேண்டும் என்ற வேலைப் பிரிவினை அழுத்தம் பெற்றது இப்படிப்பட்ட இழப்புகளால்தான். 1974 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் வேறொரு விமானம் சார்லட் நகரில் பனிமூட்டத்தில் இறங்கும்போது விழுந்து 70 பேருக்கு மேல் மாண்டனர். விமானிகள் இருவரும் அரசியலிலிருந்து பழைய கார் வரை பேசிக்கொண்டே வந்தது ஒலிப்பதிவில் இருந்தது. 1981இல் அமெரிக்க அரசு ஸ்டெரைல் காக்பிட் விதியைக் கொண்டுவந்தது: 10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது. கதை பேசும் கேப்டனை நிறுத்த இளையவருக்கு இனி துணிச்சல் மட்டும் தேவையில்லை, பத்தாயிரம் அடி என்று நினைவூட்டினாலே போதும்.

இந்த மாற்றத்தின் நடுப்புள்ளி டெனரீஃப். 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் பக்கத்துத் தீவான டெனரீஃபின் சிறிய லாஸ் ரோதெயோஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. மூடுபனி இறங்கியது. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் 747 கிளம்பத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் எதிர்த்திசையிலிருந்து பான் ஆம் 747 ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் கேப்டன் வான் சாந்தன் அந்நிறுவனத்தின் 747 பயிற்சிக்குத் தலைவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதிச் சோதனை நடத்தியவரும் அவர்தான். கேப்டன் முதலில் இன்ஜின் நெம்புகோல்களை முன்னே தள்ளியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்றார் துணை விமானி. கேப்டன் நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில், ஏறிய பிறகு செல்ல வேண்டிய வழி மட்டும் கோபுரத்திலிருந்து கிடைத்தது, புறப்படுவதற்கான உத்தரவு கிடைக்கவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் மறுபடி நெம்புகோலைத் தள்ளிவிட்டார். டேக் ஆஃபில் இருக்கிறோம் என்று துணை விமானி வானொலியில் சொன்னதைக் கோபுரம் புறப்படத் தயாராக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் குரலும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆமின் குரலும் ஒரே நேரத்தில் ஒலித்ததால் கேஎல்எம் காக்பிட்டில் அந்த நொடிகளில் கீச்சொலியே மேலோங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர், அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றின் ஆகப்பெரிய விபத்து இன்றுவரை இதுதான்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் இளையவர்கள் இரண்டு முறை வாய் திறந்தார்கள், முதல் முறை பலித்தது, இரண்டாம் முறை பலிக்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. முதல் முறை துணை விமானியின் கையில் கறாரான விதி இருந்தது: அனுமதி இல்லாமல் நகரக் கூடாது. விதியைச் சொன்னதும் அத்தனை பெரிய கேப்டனும் அடங்கினார். இரண்டாம் முறை இன்ஜினியரிடம் இருந்தது சந்தேகம் மட்டுமே. ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலே எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு வானொலிச் சொற்கள் இறுக்கப்பட்டன. டேக் ஆஃப் என்ற சொல்லை உண்மையான புறப்பாட்டு அனுமதிக்கு அல்லது அதை ரத்து செய்வதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், முக்கியக் கட்டளைகளை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் ஓகே போதாது என்றெல்லாம் வந்தன. சந்தேகத்துக்கு மதிப்புக் கொடுக்கும் விதி வர மட்டும் இன்னொரு விபத்து தேவைப்பட்டது.

1978 டிசம்பர் 28 அன்று ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் சக்கரக் கோளாற்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் சுற்றியது. கேப்டனுக்கு 27,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அனுபவம். எரிபொருள் குறைந்துகொண்டே போவதை மற்ற இருவரும் நாசூக்காகச் சுட்டிக்காட்டினார்களே தவிர, இப்போதே இறங்கியாக வேண்டும் என்று ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 10 பேர் இறந்தார்கள். கேப்டன் மற்றவர்கள் சொல்வதைக் கேட்கவும், மற்றவர்கள் உறுதியாகச் சொல்லவும் பயிற்சி வேண்டும் என்று அமெரிக்க விசாரணை அமைப்பு எழுதியது. 1979இல் நாசா இதற்கென்றே ஒரு கருத்தரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று சிஆர்எம் என்ற பெயரில் உலகெங்கும் கட்டாயமாகியிருப்பது இதுதான். நல்ல பழக்கம் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் என்று மூத்த விமானிகள் பலர் அதைக் கேலி செய்தார்கள். 1989இல் சூ சிட்டியில் திசை திருப்பும் வசதி முழுவதையும் இழந்த டிசி-10 விமானத்தை, பயணியாக வந்த ஒரு பயிற்சி விமானியையும் காக்பிட்டுக்குள் அழைத்து நால்வராகச் சேர்ந்து ஓடுபாதை வரை கொண்டுவந்தார் கேப்டன் அல் ஹெயின்ஸ். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று ஹெயின்ஸே பல மேடைகளில் சொன்ன பிறகு கேலி குறைந்தது.

விதி கூடினால் விமானியின் சொந்த அறிவு மழுங்கிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதைச் சொல்கிறவர்கள் 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தைக் காட்டுவார்கள். வாதத்தில் நியாயம் உண்டு. இரண்டு இன்ஜினும் நின்றால் செய்ய வேண்டியவற்றின் செக்லிஸ்ட், விமானம் மிக உயரத்தில் இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டது. மூன்று பக்கம் நீளும். பறவைகள் மோதி இன்ஜின்கள் நின்றபோது இவர்கள் 3,000 அடியைக்கூட எட்டியிருக்கவில்லை. பட்டியலில் வெகு கீழே இருந்த துணை மின் இன்ஜினை கேப்டன் சல்லன்பர்கர் முதல் சில நொடிகளிலேயே இயக்கினார். அது சொந்த அறிவு. ஆனால் அதே நொடிகளை இன்னும் கிட்டத்தில் பாருங்கள். பறவைகள் மோதியதும், விமானம் என் கையில் என்கிறார் கேப்டன். உங்கள் கையில் என்கிறார் துணை விமானி ஸ்கைல்ஸ். இரண்டும் விதிப்படி பேசிய சொற்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பட்டியலை எடுக்கிறார். தண்ணீரைத் தொடச் சில நொடிகள் இருக்கையில், வேறு யோசனை ஏதாவது இருக்கிறதா என்று கேப்டன் துணை விமானியிடம் கேட்கிறார். 155 பேரின் உயிரைச் சுமந்துகொண்டு ஆற்றை நோக்கி விழுகிறவர் இளையவரிடம் யோசனை கேட்டது 1979க்குப் பிறகு வந்த மரபு. வேலையை யார் செய்வது என்ற குழப்பத்தை விதி தீர்த்துவைத்ததால்தான் என்ன செய்வது என்று யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்தது. விதி வெறும் ஒப்பிப்பாகத் தேய்ந்துபோகும் ஆபத்தும் உண்டுதான். 1987இல் டெட்ராய்ட்டில் ஃபிளாப்பை இறக்காமலே கிளம்பிய விமானம் 156 பேரைப் பலிகொண்டது. அதற்குரிய செக்லிஸ்ட் படிக்கப்படவே இல்லை. ஆகவே ஒருவர் கேட்டு மற்றவர் கருவியைப் பார்த்துப் பதில் சொல்வது முக்கியம். தனக்குத்தானே படித்துக்கொள்ளும் பட்டியலில் பொய் சொல்வது எளிது.

மூத்தவரை எதிர்த்துப் பேசாதது கீழைநாட்டுப் பண்பாடு, அதை விதியால் மாற்ற முடியாது என்று இன்னொரு பேச்சு அடிக்கடி கேட்கும். டெனரீஃபில் வாயடைத்து நின்றவர்கள் டச்சுக்காரர்கள், போர்ட்லாந்தில் அமெரிக்கர்கள். பதவி எங்கே இருக்கிறதோ அங்கே இந்த நோய் இருக்கும். நம் நாட்டில் 2010 மே 22 அன்று மங்களூருவில் நடந்ததும் அதுவே. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் வெளிநாட்டு கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்தார். விமானம் தேவைக்கு மேல் உயரத்தில், அதிக வேகத்தில் வந்தது. இறங்காமல் மேலே போகச் சொல்லும் கோ-அரவுண்ட் என்ற சொல்லைத் துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னார். கேப்டன் இறக்கினார். ஓடுபாதையின் பெரும்பகுதியைத் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மேட்டின்மேல் அமைந்த அந்த ஓடுபாதையின் முனையைக் கடந்து விமானம் பள்ளத்தில் விழுந்தது; 158 பேர் மாண்டனர், எட்டுப் பேர் தப்பினர். விதியும் இருந்தது, குரலும் எழுந்தது, இரண்டையும் மீறி ஒரு கை இயங்கியது.

பத்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் விமானம் மழையில், பின்காற்றோடு இறங்கியது. அதுவும் மேட்டு ஓடுபாதை. ஏறத்தாழ பாதித் தூரம் தாண்டித் தரைதொட்டு, முனையைக் கடந்து விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். இங்கும் துணை விமானி கோ-அரவுண்ட் சொல்லியிருந்தார். அதை மதிக்காமல் கேப்டன் இறக்கியதைக் காரணமாகச் சொன்ன விசாரணை அறிக்கை, துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து விமானத்தை மேலே கொண்டுபோகத் தவறியதையும் சேர்த்தே எழுதியது. இறந்துபோன இளையவர்மேல் பழி சுமத்துவதாக இதை வாசிக்கிறவர்கள் இருக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. பேசினால் போதாது, பிடுங்கியே ஆக வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்கும் அறிக்கை, அப்படிச் செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த உரிமையை மனமாரக் கொடுத்தோமா என்பதுதான் நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நிலைகொள்ளாமல் இறங்கி வரும் விமானங்களில் ஏறக்குறைய 3 சதவீதமே விதிப்படி மேலே திரும்புகின்றன என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் உலக அளவிலான ஆய்வில் கண்டது. மற்றவை எப்படியோ இறங்கிவிடுகின்றன, ஒன்றும் ஆவதில்லை, விதியை மீறியது அனுபவமாகக் கணக்கில் சேருகிறது. புதிய துணை விமானி அதற்குள் வந்து உட்காருகிறார். சிமுலேட்டரில் இன்ஜின் தீப்பிடிப்பதை அவருக்குப் பலமுறை காட்டுகிறோம். நல்ல உடல்நலத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் கேளாமல் இறக்கிக்கொண்டே போகும் கேப்டனையும் அதே அளவு காட்ட வேண்டும். அவர் கையிலிருந்து விமானத்தை வாங்கி மேலே ஏற்றும்வரை அந்தப் பாடத்தில் தேர்ச்சி கொடுக்கக் கூடாது. மறுநாள் அதே கேப்டனோடு வேலைக்குப் போகும்போது தனக்கு ஒரு கெடுதலும் வராது என்று நிறுவனம் எழுதியும் கொடுக்க வேண்டும்.