மார்பகப் புற்றுநோய்ப் பரவலில் அழற்சிப் புரதங்கள்

காயமோ தொற்றோ நேரும்போது உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். அவற்றுள் வெள்ளணுக்களைக் குறித்த இடத்துக்கு ஈர்ப்பவை கீமோகைன்கள். புண்ணை ஆற்றுவதற்கென உடலில் அமைந்த இந்த ஏற்பாட்டையே மார்பகப் புற்றுநோய் தன் பரவலுக்கு வசப்படுத்திக்கொள்கிறது என்பது நீண்டகால ஆய்வில் படிப்படியாகத் தெளிந்தது.

ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ 1863இல், கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் திரண்டிருப்பதைக் கண்டு, நீடித்த அழற்சியே புற்றுக்கு இடமளிக்கிறது என்று கருதினார். லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் 735 மார்பகப் புற்றுநோயாளிகளின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைத் தொகுத்து, இந்நோய் சில உறுப்புகளையே நாடிச் செல்வது தற்செயல் அன்று, விதைக்கேற்ற மண் அங்கே இருப்பதே காரணம் என்று 1889இல் எழுதினார். அந்த மண்ணில் இருப்பது என்ன என்ற வினாவுக்கு, அவருடைய கூர்மையான ஊகத்துக்கு நெடுங்காலம் கழித்தே, 2001இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது: மார்பகப் புற்றணுக்களின் மேற்பரப்பில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி மிகுந்திருப்பதும், அதனோடு பொருந்தும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் நிணநீர்க்கணு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் நிறைந்திருப்பதும் அப்போது வெளியாயின.

1986இல் ஜப்பானில் தடாமிட்சு கிஷிமோட்டோ, தோஷியோ ஹிரானோ குழுவினர் மரபணுவைப் பிரித்தறிந்த இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன், புற்றணுவுக்குள் ஸ்டாட்3 என்ற புரதத்தை முடுக்கி, அவ்வணு அழியாமல் பிழைக்கவும் இடம்பெயரவும் துணைசெய்கிறது. எலும்பில் புற்றணுவும் செய்திப்புரதமும் சேரும் கூட்டு இன்னும் கொடியது. அங்குக் குடியேறிய புற்றணுக்கள் ராங்க்எல் என்ற செய்திப்புரதத்தின் சுரப்பைத் தூண்ட, அது எலும்பைக் கரைக்கும் அணுக்களைப் பெருக்க, கரையும் எலும்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் மீண்டும் புற்றணுக்களையே வளர்க்கின்றன.

மார்பகக் கட்டியின் திசுவில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஏற்பிகளைச் சோதித்தே சிகிச்சை முடிவாவது எங்கும் உள்ள வழக்கம். இன்டர்லூக்கின் அளவு இதுவரை வழக்கமான சோதனைகளில் இடம்பெறவில்லை. எனினும், ராங்க்எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற ஊசிமருந்து, எலும்புக்குப் பரவிய நோயில் முறிவுகளைக் குறைக்க 2010 முதல் பயன்பட்டு வருகிறது.