நீக்கும் அதிகாரம் யாரிடம்? அமெரிக்கத் தனி வழக்குரைஞர் விதிகள், 1973–2024

ஆட்சியாளரின் ஊழலை விசாரிக்க வெளியாள் ஒருவரை அமர்த்துவது அமெரிக்காவில் பழைய வழக்கம்தான். விஸ்கி வரி ஏய்ப்பை விசாரிக்க 1875இல் முன்னாள் செனட்டர் ஜான் ஹெண்டர்சன் அமர்த்தப்பட்டார். விசாரணை அதிபர் கிராண்டின் அந்தரங்கச் செயலாளர்வரை போயிற்று. நீதிமன்றத்தில் அதிபரையே குறைகூறிப் பேசினார் ஹெண்டர்சன். அந்த டிசம்பரிலேயே அவர் பதவி பறிபோனது. தனி வழக்குரைஞரை யார் நியமிப்பது என்றே பிற்காலத்தில் அதிகம் விவாதித்தார்கள். விதிகளின் வாசகங்களை வரிசையாக வைத்துப் படித்தால், அவரை யார், எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்ற ஒரு பிரிவில்தான் உண்மையான இழுபறி நடந்திருப்பது தெரிகிறது.

வாட்டர்கேட் விவகாரத்தில் 1973 மே மாதம் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் நியமிக்கப்பட்டபோது, மிகக் கடுமையான முறைகேடு செய்தாலன்றி அவரை நீக்கக்கூடாது என்று நீதி அமைச்சகமே ஒரு விதி வகுத்தது. அதிபரின் ஒலிநாடாக்களைக் கேட்டுக் காக்ஸ் விடாப்பிடியாக நின்றார். அக்டோபர் 20, சனிக்கிழமை மாலை, அவரை நீக்கச் சொன்னார் அதிபர் நிக்சன். அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அடுத்த நிலையிலிருந்த ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவரான ராபர்ட் போர்க் கையெழுத்திட்டார்.

பலரும் கவனிக்காமல் விடுவது இதற்கு அடுத்து நடந்ததை. காக்ஸை நீக்கியபோது அந்த விதி உயிரோடுதான் இருந்தது. மூன்று நாள் கழித்து, 23ஆம் தேதி, போர்க் அந்த விதியையே ரத்து செய்து ஆணையிட்டார். பின்னால் போட்ட ஆணை முன்னால் நடந்த தவறைச் சரிக்கட்டாது என்று சொல்லி, நவம்பர் 14 அன்று நீதிபதி கெசெல் அந்தப் பதவி நீக்கத்தைச் சட்டவிரோதம் என அறிவித்தார். புதிதாக வந்த லியான் ஜவோர்ஸ்கிக்குப் பழைய விதியோடு கூடுதலாக ஒரு காப்பும் கிடைத்தது: காங்கிரஸ் தலைவர்கள் எட்டுப் பேரின் ஒத்த கருத்தில்லாமல் அவரை நீக்கக்கூடாது. 1974 ஜூலை 24இல் உச்ச நீதிமன்றம் ஒலிநாடா வழக்கில் 8–0 என்ற தீர்ப்பில், அரசு இந்த விதியை மாற்றலாம், மாற்றும்வரை அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்றது. அரை நூற்றாண்டுச் சர்ச்சை முழுவதும் இந்த ஒரு கருத்தில் அடக்கம் என்பேன்.

அமைச்சகம் வகுத்ததை அமைச்சகமே அழிக்கலாம் என்ற ஓட்டையை அடைக்கவே 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. அட்டர்னி ஜெனரல் 90 நாளுக்குள் முதற்கட்ட விசாரணையை முடிக்கவேண்டும். அதில் சாட்சிகளுக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை. புகாரில் சாரம் இருந்தால் மூன்று நீதிபதிகள் கொண்ட குழு வழக்குரைஞரை நியமிக்கும். சட்டத்தின் முதல் இலக்கு கார்ட்டரின் சொந்த அலுவலகமே. அவருடைய உதவியாளர் ஹாமில்டன் ஜார்டன் இரவு விடுதியொன்றில் கொக்கைன் எடுத்தார் என்ற புகாரை விசாரித்தார்கள், வழக்கே எழவில்லை.

இத்தகைய அற்பப் புகார்களால் சலித்துப்போய் 1983இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மிகக் கடுமையான முறைகேடு செய்தால்தான் நீக்கலாம் என்ற பிரிவு, ‘தக்க காரணம்’ இருந்தால் நீக்கலாம் என்று தளர்ந்தது. பார்வைக்கு இது பின்வாங்கல். ஆனால் 1988இல் உச்ச நீதிமன்றத்தில் மாரிசன் வழக்கில் 7–1 என்ற கணக்கில் சட்டம் பிழைத்ததற்கு இந்தத் தளர்வு கைகொடுத்தது: தக்க காரணத்துக்கு நீக்கும் உரிமை அட்டர்னி ஜெனரலிடம் இருப்பதால் அதிபரின் அதிகாரம் பறிபோகவில்லை என்றார் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட். எதிர்த்தவர் நீதிபதி ஸ்காலியா ஒருவர். ஒரே ஆளைக் குறிவைத்து அமர்த்தப்படும் வழக்குரைஞர் எங்கே போய் நிற்பார் என்ற அவருடைய கவலையை அன்று பலர் மிகை என்றே நினைத்தார்கள்.

தொண்ணூறுகள் அவர் பக்கம் சாய்ந்தன. அமைச்சர் ஹென்றி சிஸ்னெரோஸ் மீதான விசாரணை 1995இல் தொடங்கி 2006வரை நீண்டு 2 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. அவர் ஒப்புக்கொண்டதோ ஒரு சிறு குற்றம், அபராதம் 10,000 டாலர். நிலபேர விவகாரத்துக்காக 1994இல் தனி வழக்குரைஞராக வந்த கென்னத் ஸ்டார், 1998இல் அதிபர் கிளிண்டனின் அந்தரங்க உறவுபற்றிய அறிக்கையில் வந்து நின்றார். இந்தச் சட்டத்தைப் புதுப்பிக்கவேண்டாம் என்று செனட்டில் வாதிட்டவர்களில் ஸ்டாரும் ஒருவர்! 1999 ஜூன் 30 அன்று சட்டம் காலாவதியானது. யாரும் அதை ரத்து செய்யவில்லை, கெடு முடிந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக வந்தது மறுபடியும் அமைச்சக விதி. அட்டர்னி ஜெனரல் நேரடியாக, எழுத்தில் காரணம் காட்டி நீக்கலாம், காங்கிரசுக்குத் தெரிவிக்கவேண்டும். அறிக்கை அட்டர்னி ஜெனரலுக்கு மட்டுமான இரகசியம். 1973இன் அடித்தளத்துக்கே திரும்பிவிட்டார்கள். 2017 ஜூனில் தனி வழக்குரைஞர் ராபர்ட் முல்லரை நீக்க ஏற்பாடு செய்யும்படி அதிபர் டிரம்ப் தம் சட்ட ஆலோசகர் மெக்கானிடம் சொன்னதையும், அவர் இணங்காததையும் முல்லர் அறிக்கையே பதிவு செய்கிறது. விதியைவிட ஒரு தனிமனிதரின் தயக்கமே அன்று முல்லரைக் காத்தது. காப்பைச் சட்டமாக்கும் மசோதா 2018 ஏப்ரலில் செனட் நீதிக்குழுவில் 14–7 என்று தேறியும் அவையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.

2024 ஜூலையில் புளோரிடா நீதிபதி ஐலீன் கேனன் ஒருபடி மேலே போனார். தனி வழக்குரைஞர் ஜாக் ஸ்மித்தின் நியமனத்துக்கே சட்ட ஆதாரம் இல்லையென்று டிரம்ப் மீதான இரகசிய ஆவண வழக்கைத் தள்ளினார். 1974 தீர்ப்பில் தனி வழக்குரைஞரின் நியமன அதிகாரம்பற்றி வரும் வரிகள் தம்மைக் கட்டுப்படுத்தா என்பது அவர் நிலை. அரசு மேல்முறையீடு செய்தது. டிரம்ப் தேர்தலில் வென்றதும் அவர் தொடர்பான அளவில் நவம்பரில் அதைக் கைவிட்டது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற இருவர் மீதான முறையீடும் 2025 தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததால், கேனனின் கூற்று சரியா என்று எந்த மேல் நீதிமன்றமும் அந்த வழக்கில் சொல்லவில்லை.