வேலியை முறித்த கைகள்

அக்டோபர் 31ஆம் நாள் இரவு ஆவிகள் உலவும் என்பது அயர்லாந்து மக்களின் பழைய நம்பிக்கை. அவ்விரவே ஹாலோவீன். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மக்கள், அவ்விழாவையும் உடன் கொண்டு சென்றனர். டர்னிப் கிழங்கில் முகம் செதுக்கியோர், அங்கே பூசணிக்காயில் செதுக்கலாயினர்.

விழாவோடு குறும்பும் வளர்ந்தது. வாயிற்கதவுகளைக் கழற்றி மறைத்தலும் வேலிகளைப் பெயர்த்தலும் இளைஞரின் அவ்விரவு விளையாட்டாயின. பொருளாதார மந்தம் நிலவிய 1930களில், அவ்விளையாட்டு பல நகரங்களில் பெரும் பொருளழிவாக முற்றியது.

மினசோட்டா மாநிலத்து அனோகா நகரத்தார் 1920இலேயே இதற்கு வழி கண்டனர். இளைஞரின் ஊக்கத்தைத் திசைதிருப்ப, நகர் முழுதும் கூடும் ஊர்வலம் ஒன்றை நடத்தினர். 1930களில் வேறு ஊர்களிலும் விருந்துகள் நடந்தன. பெற்றோர் வீட்டு நிலவறைகளில் பேய்வீடுகள் அமைத்தனர்.

இன்று அமெரிக்க வீட்டு முற்றங்களில், கழித்த சரக்குப் பலகைகளும் பழைய வேலி மரங்களும் கல்லறைகளாகவும், ஆளுயரத்தை விஞ்சும் கப்பல்களாகவும் உருப்பெறுகின்றன. ஆணி பிடுங்கி, உளுத்த பகுதியை அறுத்தெறிந்து, காற்றில் சாயாதவாறு குறுக்குச் சட்டம் அறைந்து நிறுத்துதல் எளிய பணியன்று. அளவறிவும் பொறுமையும் அதற்கு வேண்டும்.

ஒரு தலைமுறை பெயர்த்தெறிந்த வேலியைப் பின்வந்த தலைமுறை கலைப்பொருளாக்கியது. இளைஞர் கைகள் ஓய்ந்திருப்பதில்லை. அவற்றுக்குத் தக்க பணி தருவது மூத்தோர் கடனன்றோ? ஆசிரியர் நெஞ்சில் நிறுத்தத்தக்க வரலாறு இது.