ரீச்சருக்கு ஓர் அறை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

திருக்கேதீஸ்வரப் பக்கம் உள்ள ஒரு பாடசாலைக்கு வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் கிடைத்து வந்திருக்கும் ஒரு ரீச்சருக்காக இந்த மாதம் முழுக்க அறை தேடித் திரிந்தோம். வயது முப்பதைத் தாண்டியவர். கணிதம் படிப்பிப்பவர். கணித ரீச்சர் கிடைப்பது நமது பகுதியில் எவ்வளவு பாடு என்பது பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

போன வீடுகளில் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்கவில்லை. "முடிச்சிட்டாவா?" என்பதுதான். இல்லை என்று சொன்னதும், அதுவரை சும்மா கிடந்த அறைக்கு வெளிநாட்டிலிருந்து மகன் வரப்போவதாகச் செய்தி வந்துவிடும். ஓர் உம்மா மட்டும் மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார்: "குமரொண்ட வச்சிருக்க ஏலாது புள்ள. நாளைக்கு ஒரு கத வந்தா நாங்கதானே பதில் சொல்லோணும்." அவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் சொன்ன பயம் உண்மையான பயம்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் ஒரு பெயர் வந்தது. கலாசாலையில் கல்வி வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரியில் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோன பெயர். எலைசா அக்னியூ.

1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதளவில், புவியியல் வகுப்பில், உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தூர தேசத்துக்குப் போய்ப் படிப்பிக்க வேண்டும் என்று நினைத்தாராம். ஆனால் உடனே கிளம்பவில்லை. நெருங்கிய உறவுகள் உயிரோடு இருந்தவரை அவர்களோடு இருந்தார். அவர்கள் மறைந்த பிறகு, 1839இல், 32 வயதில் பொஸ்டனில் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆபிரிக்காவைச் சுற்றி, ஆறு மாதமளவில் பயணம் செய்து, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். அமெரிக்க மிஷன் இலங்கைக்கு அனுப்பிய முதல் மணமாகாத பெண் அவர்தான். அதற்கு முன் வந்த பெண்கள் எல்லாம் பாதிரிமாரின் மனைவிமாராகவே வந்தார்கள்.

அவர் போய் இருந்த இடம் உடுவில். இன்று இணுவில், சுன்னாகம் என்று கடை கண்ணி நிறைந்த பக்கம். அன்று பனையும் வேலியும் தோட்டமும் உள்ள கிராமம். அங்கே 1824இல் ஹரியட் வின்ஸ்லோ என்பவர் பெண் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். (தமிழ் அகராதி செய்த வின்ஸ்லோவின் மனைவி.) அவர் 1833இல் காலமானதும் ஸ்போல்டிங் தம்பதியர் பொறுப்பெடுத்தார்கள். அவர்களிடமிருந்து அக்னியூ கைக்கு வந்தது. 1879 வரை, ஏறத்தாழ 40 வருடம் அவரே நடத்தினார். ஒரு தடவைகூட லீவு எடுத்து ஊர் திரும்பவில்லை. படிப்பித்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல். தாயைப் படிப்பித்தார், அவளது மகளைப் படிப்பித்தார், பேத்தியையும் படிப்பித்தார். ஆயிரம் மகள்களின் தாய் என்று பிறகு அவரை அழைத்தது இதனால்தான்.

ஆரம்பத்தில் அந்தப் பாடசாலைக்குப் பிள்ளை சேர்ப்பதே பெரும்பாடு. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்பது யாழ்ப்பாணத்தின் அன்றைய கேள்வி. அதனால் மிஷன் சாப்பாடு, உடுப்பு கொடுத்தது. அதோடு நிற்காமல், படித்து முடித்துக் கல்யாணமாகும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தது! கைக்கூலிக்கு எதிராக இன்று மேடையில் பேசும் நமக்கு இது சங்கடமான வரலாறு. ஆனால் நடந்தது அதுதான். சீதனம் கிடைக்கும் என்றபடியால் அனுப்பினார்கள். பிள்ளைகள் படித்தார்கள். படித்த தாய் சீதனம் கிடைக்காத காலத்திலும் தன் மகளை அனுப்பினாள். பிறகு சீதனம் நின்று, கட்டணம் கட்டிப் படிக்கும் நிலை வந்தது.

மிஷன் மதம் மாற்றத்தான் வந்தது, அதை ஏன் புகழ்கிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். கேள்வி சரி. அக்னியூவிடம் படித்தவர்களில் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் கிறிஸ்தவர்களாகவே வெளியேறினார்கள் என்பதை மிஷனே பெருமையாக எழுதி வைத்திருக்கிறது. அதை எதிர்த்து எழுந்தவர்தான் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நமது அயலில் இடிந்து மண்மூடிக் கிடந்த திருக்கேதீஸ்வரக் கோயிலைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று 1872இல் குரல் கொடுத்தவரும் அவரே.

இங்கேதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. நாவலரும் கல்யாணம் முடிக்கவில்லை. அக்னியூவும் முடிக்கவில்லை. சில மைல் தூரத்தில், ஒரே காலத்தில், இருவரும் வாழ்க்கையைப் பாடசாலைக்குக் கொடுத்தார்கள். நாவலர் காலமானதும் அக்னியூ ஓய்வு பெற்றதும்கூட ஒரே வருடம், 1879. நாவலரை நைட்டிகப் பிரமசாரி என்று மரியாதையோடு சொல்கிறோம். முடிக்காத ஆணுக்கு அப்படி ஒரு சொல் இருக்கிறது. முடிக்காத பெண்ணுக்கு நம்மிடம் இருப்பது என்ன? "கரை சேராத குமர்."

நமது மார்க்கத்தில் நிக்காஹ் சுன்னத். அதில் பேச்சில்லை. ஆனால் நாம் மத்ரஸாவில் ஓதிய நாற்பது ஹதீஸைத் தொகுத்த இமாம் நவவி முடிக்கவில்லை. அவரைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. சரி, அவர் ஆண். ஹிஜ்ரி 463 அளவில் மக்காவில் வஃபாத்தான கரீமா அல்மர்வஸிய்யா பெண். அவரும் கடைசிவரை முடிக்கவில்லை. ஸஹீஹுல் புகாரியை அறிவிப்பதில் பெரும் பெயர் பெற்றவர். ஹஜ்ஜுக்கு வந்த கதீப் அல்பக்தாதி, அவ்வளவு பெரிய ஆலிம், அவரிடம் ஐந்து நாளில் புகாரி முழுவதையும் ஓதிச் சென்றார். தனியாக இருக்கும் பெண்ணிடம் எப்படிப் போவது என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பாடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

திரும்பவும் அக்னியூவிடம் வருவோம். அவரது மன உறுதியை எழுதியவர்கள் பலர். அவர் எங்கே குடியிருந்தார் என்பதை வாசிப்பவர்கள் கவனிப்பதில்லை. பாடசாலை வளவுக்குள்ளே இருந்தார். பக்கத்தில் ஸ்போல்டிங் குடும்பம். பின்னேரங்களில் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போய் வருவார். வேலி ஒழுங்கைகள் வழியே ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாக நடந்து வந்தால் ஊர் கதைத்திருக்காதா? கதைத்துத்தான் இருக்கும். ஆனால் கதவைத் திறந்த வீட்டில் நின்றது அவரிடம் படித்தவள். கடைசிக் காலத்தில் பாரிசவாதம் வந்து விழுந்தபோது மானிப்பாயில் அவரை வைத்துப் பார்த்தவர்கள் மார்கிரட் லீச், மேரி லீச் என்ற அக்கா தங்கை. அவர்களும் மணமாகாதவர்கள், 1880இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். இணுவில் மெக்லியொட் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்த்ததில் பெரிய பங்கு இவர்களுக்கு உண்டு. 1883 ஜூனில் அக்னியூ அங்கேயே இறந்தார்.

நமது ஊர்களில் சித்தி லெப்பையின் பெயரைச் சொல்லாத கல்வி விழா இல்லை. பெண் பிள்ளைகளைப் படிப்பியுங்கள் என்று அவர் "முஸ்லிம் நேசன்" காலத்திலேயே, 1880களிலேயே கேட்டார். அதற்குப் படிப்பிக்கப் பெண் வேண்டும். அந்தப் பெண் எங்கிருந்தாவது வர வேண்டும், வந்தால் எங்காவது தங்க வேண்டும். 1990இல் உடுத்த உடுப்போடு ஊரை விட்டுப் போன நமக்கு, கல்பிட்டியிலும் புத்தளத்திலும் யாரோ முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வளவைத் திறந்து விட்டார்கள். முடித்தவரா முடிக்காதவரா என்று கேட்டு அல்ல.

அந்த ரீச்சர் இப்போது விடியற்காலை எழும்பி, இரண்டு பஸ் மாறி, சந்தியில் இறங்கி, வெயிலில் உள்ளே நடந்து வருகிறார். இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த தவணை தொடங்குவதற்குள் இடம் கிடைக்காவிட்டால் கொடுத்துவிடுவார்.

வயதான உம்மா ஒருவர் தனியாக இருக்கும் வீடு என்றால் இருவருக்கும் நல்லது. தனிக் குளியலறை வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், இரவில் விடைத்தாள் திருத்த ஒரு மேசை. வாடகை மாதம் தவறாமல் வரும். இடம் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.