காப்பீடு இருந்தும் ஸ்கேன் செலவு கையிலிருந்தே: கொள்ளேகால் பகுதி நோயாளிகளுக்கு உள்ள வழிகள் என்ன?

கொள்ளேகால்: நீங்காத தலைவலி, முதுகுத்தண்டு வலி, காரணம் புரியாத வயிற்றுவலி என மருத்துவரிடம் செல்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்கேன் எடுத்து வருமாறு எழுதப்பட்ட ஒரு சீட்டுதான். அந்தச் சீட்டுக்கு, இந்தியாவில் நடைமுறையில் உள்ள பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. காப்பீடே இல்லாத குடும்பமும், 5 லட்சம் ரூபாய்க்கான அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பமும் ஸ்கேன் மையத்தில் பணம் கட்டும் இடத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நிற்கின்றன.

பட்டுக்குப் பெயர்பெற்ற கொள்ளேகால், 1956ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலச் சீரமைப்பு வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூரு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1997ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தின் ஒரு தாலுகாவாக உள்ளது. தாலுகா நிலையில் உள்ள அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் போன்ற பரிசோதனைகளே வழக்கமாகக் கிடைக்கும். சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள் பொதுவாக மாவட்ட மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அளவில்தான் அமைகின்றன. கொள்ளேகாலிலிருந்து சாமராஜநகர் சுமார் 40 கிலோமீட்டர். மைசூரு 60 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்கேன் கட்டணத்துடன் பயணச் செலவும், உடன் செல்பவரின் ஒருநாள் கூலியும் சேர்ந்தே கணக்கில் வரும்.

தனியார் மையங்களில் வயிற்றுப் பகுதி அல்ட்ராசவுண்ட் பொதுவாக ஆயிரம் ரூபாயை ஒட்டியும், சி.டி. ஸ்கேன் சில ஆயிரம் ரூபாயாகவும், எம்.ஆர்.ஐ. அதைவிடக் கூடுதலாகவும் வசூலிக்கப்படுகின்றன. உறுப்பு, கருவியின் திறன், ஊர் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். ரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டுவதற்காகச் செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் மருந்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டை அறியும் ரத்தப் பரிசோதனைக்கும் பணம் கட்ட நேரும். எம்.ஆர்.ஐ. கட்டணம் உயர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதன் மீக்கடத்தி காந்தம் திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் இரவு பகலாகக் குளிர்விக்கப்பட வேண்டும். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு நிற்பதில்லை.

அட்டை எப்போது பயன்படும்?

பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் இது மாநில அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, 'ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா' என்ற பெயரில் சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா அறக்கட்டளை வாயிலாகச் செயல்படுகிறது. பி.பி.எல். அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்கப்படுகிறது. ஏ.பி.எல். அட்டைதாரர்களுக்குச் சிகிச்சைத் தொகுப்புக் கட்டணத்தில் 30 சதவீதத்தை அரசு ஏற்கிறது. இதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய்.

ஆனால் இத்திட்டத்தின் அடிப்படை, நோயாளி உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவதாகும். மத்தியத் திட்ட விதிகளின்படி, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்கள், வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான பரிசோதனை மற்றும் மருந்துச் செலவுகள் சிகிச்சைத் தொகுப்பில் அடங்கும். சேர்க்கையே நடக்காவிட்டால் இந்த விதி செயல்படாது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, அறுவைச் சிகிச்சை தேவையில்லை, மாத்திரையே போதும் என்று மருத்துவர் கூறினால் அது நோயாளிக்கு நல்ல செய்தி. ஆனால் ஸ்கேனுக்குச் செலவிட்ட தொகை திரும்பக் கிடைக்காது.

தனியார் காப்பீட்டிலும் நிலைமை வேறல்ல. பரிசோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேரும் செலவு ஏற்கப்படமாட்டாது என்பது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் சீரமைத்த பொதுவான விலக்குப் பட்டியலில் 4ஆவது குறியீடாகவே இடம்பெற்றுள்ளது. புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டி வாங்கியவர்களே இதற்கு விதிவிலக்கு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டதால் பிரீமியச் சுமை குறைந்திருக்கலாம். ஸ்கேன் தொடர்பான விலக்கு அப்படியே தொடர்கிறது.

புறநோயாளிக்கும் பரிசோதனைச் செலவை ஏற்கும் பெரிய திட்டங்களில் ஒன்று இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும், திட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் தொழிலாளர்களும் அவர்களது குடும்பத்தினரும் இதில் பயன்பெறலாம். தன் தறியில் தானே நெய்பவர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் இந்தக் கதவு திறப்பதில்லை.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14ஆம் ஆண்டில் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. இந்தக் குறைவு ஸ்கேன் மையத்தின் வாசலில் அவ்வளவாகத் தென்படாததற்குக் காரணம், மேலே கூறிய சேர்க்கை நிபந்தனைதான்.

சீட்டு எழுதியவருக்கும் ஒரு பங்கு

ஒரே ஸ்கேனுக்கு மையத்துக்கு மையம் கட்டணம் வேறுபடுவதற்குக் கருவியின் விலை மட்டும் காரணமல்ல. 2017ஆம் ஆண்டு இறுதியில் பெங்களூருவில் கருத்தரிப்பு மையங்களிலும் பரிசோதனை மையங்களிலும் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. அதுகுறித்துத் துறை வெளியிட்ட அறிக்கையில், நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கட்டணத்தில் 35 சதவீதமும், சி.டி. ஸ்கேன் மற்றும் ஆய்வகப் பரிசோதனைக் கட்டணத்தில் 20 சதவீதமும் கமிஷனாக ஒரு மையத்தில் வழங்கப்பட்டதாகக் கூறப்பட்டிருந்தது. இவை கணக்கில் விளம்பரச் செலவாகக் காட்டப்பட்டிருந்தன.

அந்த விகிதத்தில் 6,000 ரூபாய்க்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், 2,100 ரூபாய் கருவிக்கோ அறிக்கை எழுதும் நிபுணருக்கோ செல்லாது. எல்லா மையங்களையும் எல்லா மருத்துவர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. எனினும், மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷன் பெறுவதைத் தெளிவாகத் தடைசெய்கின்றன. குறிப்பிட்ட மையத்தில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த நோயாளியையும் கட்டாயப்படுத்த முடியாது. சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்பதில் தவறேதும் இல்லை. காப்பீடு இன்றி ரொக்கமாகச் செலுத்துவோர் தள்ளுபடி கேட்பதும் வழக்கில் உள்ளதே.

அரசு விலை நிர்ணயித்தபோது

தனியார் ஸ்கேன் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்த முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில் கர்நாடக அரசு தனியார் மையங்களில் சி.டி. ஸ்கேனுக்கு 1,500 ரூபாய், டிஜிட்டல் எக்ஸ்ரேவுக்கு 250 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. மையங்களின் கோரிக்கையை அடுத்து, சில நாட்களிலேயே பி.பி.எல். அட்டைதாரர்களுக்கு 1,500 ரூபாய், மற்றவர்களுக்கு 2,500 ரூபாய் என அது மாற்றப்பட்டது. கொரோனாவைக் கண்டறிவதற்கான ஸ்கேனுக்கு மட்டுமே இந்த உத்தரவு பொருந்தியது.

நிரந்தர ஏற்பாடு ஒன்றுக்கான முயற்சி அதற்கு முன்பே நடந்தது. கர்நாடக தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு திருத்தம் கொண்டுவரப்பட்டபோது, கட்டண நிர்ணயத்தை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் நவம்பரில் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். இறுதியில், அரசுத் திட்டங்களின் கீழ் அளிக்கப்படும் சிகிச்சைகளுக்கு மட்டும் விலை நிர்ணயிக்கும் அதிகாரத்துடன் மசோதா நிறைவேறியது. சொந்தப் பணம் செலுத்துபவருக்கு எஞ்சியது, கட்டணப் பட்டியலை மக்கள் பார்வையில் வைக்க வேண்டும் என்ற விதி. பட்டியலை மீறி வசூலித்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பதிவு மற்றும் குறைதீர்ப்பு ஆணையத்தில் புகார் அளிக்கலாம்.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் வேறு வழி பின்பற்றப்படுகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே ஸ்கேன் மையங்களை நடத்தி, சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில் அடிப்படைக் கட்டணம் வசூலித்து வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பரிசோதனைகளுக்கென்றே தனிப் பட்டியலும் உண்டு. ஆனால் அந்தக் காப்பீடு தமிழ்நாட்டில் வசிப்போருக்கானது. கொள்ளேகாலில் வசிப்பவர் சத்தியமங்கலத்திலோ ஈரோட்டிலோ உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றாலும் அதைக் கோர இயலாது.

எங்கு தொடங்குவது?

அவசரமில்லாத ஸ்கேனுக்கு, கொள்ளேகால் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் பதிவுசெய்து, அங்குள்ள மருத்துவரின் பரிந்துரையுடன் சாமராஜநகர் மருத்துவ அறிவியல் கழகத்துக்கோ மைசூரு கே.ஆர். மருத்துவமனைக்கோ செல்வது பொதுவாகச் செலவு குறைந்த வழியாகும். பி.பி.எல். ரேஷன் அட்டையையும் ஆதாரையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். சிறப்புச் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையின் பரிந்துரை அவசியம் என்பதால், பின்னர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் இந்தப் பதிவு உதவும். கர்ப்பிணிகளுக்கு 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் அல்ட்ராசவுண்ட் உள்ளிட்ட பரிசோதனைகள் இலவசம்.

பக்கவாத அறிகுறி தென்பட்டால் விலை விசாரிக்க நேரமில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்பதை அதற்கு முன் ஸ்கேன் உறுதிப்படுத்த வேண்டும். எனவே 108 ஆம்புலன்ஸை அழைத்து, சி.டி. வசதி உள்ள மருத்துவமனைக்கு நேரடியாகச் செல்வதே முறை. குறிப்பிட்ட அவசரச் சிகிச்சைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லாமலேயே ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தைப் பயன்படுத்தலாம். சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு, 2025 மே மாதம் அறிவிக்கை செய்யப்பட்ட மத்தியத் திட்டத்தின்படி 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். காப்பீடு உள்ளதா என்பது இங்கு பொருட்டல்ல.

தனியார் மையத்தில் பணம் கட்டுவதற்கு முன், கூறப்படும் தொகையில் கான்ட்ராஸ்ட், ஃபிலிம், நிபுணர் அறிக்கை ஆகியவை அடங்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பரிசோதனைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ரசீதில் அப்படி ஒரு வரி இருந்தால் விளக்கம் கேட்கலாம். ஃபிலிமையும் குறுந்தகட்டையும் பத்திரப்படுத்தி வைத்தால், அடுத்த மருத்துவர் அதே ஸ்கேனை மீண்டும் எழுதும்போது பழையதைக் காட்டி, அது போதுமா என்று கேட்க முடியும். சி.டி. ஸ்கேனைப் பொறுத்தவரை, பணத்துடன் தேவையற்ற கதிர்வீச்சும் மிச்சமாகும்.