ஆர்மடில்லோ கவிகை

ஆர்மடில்லோ கவிகை, கணினியில் வடிவம் கண்டு, 399 சுண்ணாம்புக்கல் துண்டுகளை அடுக்கிக் கட்டப்பட்ட வளைகூரை. 2016-ஆம் ஆண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில், கோர்டெரி மண்டபத்தில் இது நின்றது. கற்களுக்கிடையே சாந்து கிடையாது. உள்ளே கம்பியும் கிடையாது. ஏறத்தாழ 15 மீட்டர் இடைவெளியைக் கடந்த இந்தக் கூரையின் கனம், மிக மெல்லிய இடத்தில் 5 செ.மீ. மட்டுமே. அலங்கைப் போல உடலெங்கும் ஓடு போர்த்த அமெரிக்க விலங்கின் பெயர் இதற்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாக் ஆய்வுக்குழுவும் ஆக்சென்டார்ஃப் டிஜாங் அண்ட் பிளாக் என்ற பொறியியல் நிறுவனமும் வடிவமைக்க, டெக்சஸின் எஸ்கோபெடோ குழுமத்தார் கல்வேலையைச் செய்தனர்.

கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். ஆகவே எந்தப் புள்ளியிலும் இழுவிசை எழாத வடிவம் வேண்டும். தொங்கும் சங்கிலியின் வடிவைக் கவிழ்த்தால் உறுதியான வளைவு கிடைக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் கண்டிருந்தார். ஆனால் சங்கிலி ஒற்றைக் கோடு, கூரையோ பரப்பு. அந்தப் பரப்புக்குள் விசைகள் ஓடும் பாதைகளை முப்பரிமாண வலையாகக் கணக்கிடும் முறையை பிலிப் பிளாக் உருவாக்கினார். கவிகையின் வளைவுகள் அந்த வலையிலிருந்து வந்தவை.

கணினியின் அருமை கல்லறுக்கும் இடத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. 399 துண்டுகளும் வெவ்வேறு வடிவம். ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் வளைத்துச் செதுக்கியிருந்தால் காலமும் செலவும் கட்டுப்படியாகியிருக்காது. அதனால் மேல்முகத்தைத் தட்டையாகவே விட்டார்கள். அறுக்கும்போது கல்லைப் புரட்டும் வேலை மிச்சமானது. அடிப்புறத்தில் வட்ட ரம்பத்தால் வரிவரியாகக் கீறி, இடையே துருத்தி நின்ற பட்டைகளைச் சுத்தியலால் தட்டி உடைத்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் கண்ணில் பட்ட அழகிய வரிகள் ரம்பம் விட்ட தடங்கள். கல்லோடு கல் நேரடியாகப் பொருந்தும் பக்கங்களை மட்டும் மிகத் துல்லியமாக அறுத்தார்கள்.

டெக்சஸில் ஒருமுறை முழுவதும் அடுக்கிச் சரிபார்த்து, பிரித்து, வெனிஸுக்குக் கப்பலேற்றினார்கள். மண்டபம் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம் என்பதால் தரையில் துளையிட்டு ஊன்ற வழியில்லை. கூரை கால்களை வெளியே தள்ளும் விசையை எஃகுக் கட்டுக்கம்பிகள் பிடித்து நிறுத்தின. மரச்சாரத்தின் மேல் கற்களை அடுக்கி முடித்தபின் சாரத்தை மெல்ல மெல்ல இறக்கி எடுத்தார்கள். அதன்பின் கூரை தன் வளைவின் வலிமையில் நின்றது.